ரொறன்ரோவில் முதல் இலையுதிர் காலம்: வளவில் விழும் இலைகளை என்ன செய்வது?

ஸ்காபரோவில் நாங்கள் வீடு வாங்கியது ஒரு ஜூலை மாதத்தில். முன்வளவில் நின்ற பெரிய மேப்பிள் மரத்தின் நிழலைப் பார்த்துத்தான் அம்மா அந்த வீட்டுக்குச் சம்மதித்தார். ஒக்டோபர் கடைசியில் அந்த மரம் கொட்டத் தொடங்கியது. மூன்று கிழமையில் புல்லும் தெரியவில்லை, வாசல் நடையும் தெரியவில்லை. அம்மா யன்னலால் பார்த்துவிட்டு, "இப்பிடிக் கூட்டாமல் கிடந்தால் ஆக்கள் இல்லாத வீடு எண்டெல்லோ சனம் நினைக்கும்" என்றார். அந்தச் சனி, ஞாயிறு முழுக்க வாரினேன். பதினேழு காகிதப் பைகள் நிறைந்தன. வீதியோரத்தில் அடுக்கி வைத்தோம், லொறி வந்து ஏற்றிக்கொண்டு போனது.

பின்வளவில் வேலியோரம் ஒரு குவியல் மட்டும் என் கண்ணுக்குத் தப்பியிருந்தது. அடுத்த ஏப்ரலில் அதைக் கிளறியபோது உள்ளே ஒரு பம்பிள்பீ கிடந்தது. உடம்பெல்லாம் மஞ்சளும் கறுப்புமாக மயிர் மூடிய பெரிய தேனீ. பறக்க முடியாமல் கால்களை மெல்ல அசைத்தது. "மூடிவிடு பிள்ளை, அதுக்குக் குளிரும்" என்றார் அம்மா. மூடிவிட்டேன். பிறகுதான் தெரிந்துகொண்டேன், அது ஒரு இராணி. பம்பிள்பீக் கூட்டம் முழுவதும் குளிருக்கு முன்பே செத்துவிடும். அந்த வருடம் புதிதாகப் பிறந்து கருவுற்ற இராணிகள் மட்டும், ஒவ்வொன்றும் தனியாக, மண்ணிலோ இலைக்கடியிலோ சில சென்ரிமீற்றர் ஆழத்தில் பனிக்காலத்தைக் கழிக்கும். ஒரு இராணி செத்தால் அடுத்த கோடையில் ஒரு கூடே இல்லை. பதினேழு பைக்குள் என்னென்ன போயிருக்கும் என்று அன்றைக்கு யோசித்தேன்.

இப்போது எங்கள் வீட்டிலிருந்து வருடத்துக்கு இரண்டு பைக்கு மேல் வெளியே போவதில்லை. வளவும் பாழடைந்து கிடக்கவில்லை. அதைச் செய்கிற விதத்தை, புதிதாக வீடு வாங்கியவர்களுக்காக எழுதுகிறேன். அடிப்படை ஒன்றுதான்: இலையை வளவைவிட்டு வெளியேற்ற வேண்டியதில்லை. வளவுக்குள்ளேயே இடம் மாற்றினால் போதும்.

ஊர்ப் பழக்கமும் இந்த ஊர் மண்ணும்

எங்களில் பலருக்கு முற்றம் கூட்டுவது கையில் ஊறிய பழக்கம். விடிய எழும்பி, தண்ணி தெளித்து, விளக்குமாற்றால் வரிவரியாகக் கூட்டிய மணல் முற்றத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தப் பழக்கத்துக்குக் காரணமும் இருந்தது. குவிந்து கிடக்கும் சருகுக்குள் விரியன் படுக்கும், பூரான் இருக்கும், தேள் இருக்கும். வெறுங்காலோடு பிள்ளைகள் ஓடும் இடத்தைத் துப்பரவாக வைக்கத்தான் வேண்டும்.

ஆனால் அதே ஊரில், வாசலுக்கு அப்பால், இலையை யாரும் குப்பையாகப் பார்க்கவில்லை. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் பூவரசங்குழையை வெட்டி வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து தோட்டத்தில் தாட்டார்கள். குழை தாட்ட மண்ணின் நிறமே வேறு. இங்கே நான் சொல்லப்போவதும் ஏறத்தாழ அதே வேலைதான். வெட்டிக் கொண்டுவரத் தேவையில்லை, மரம் தானே கொண்டுவந்து போடுகிறது.

பாம்புப் பயம் பற்றி அம்மா கேட்டார், நீங்களும் கேட்பீர்கள். ஒன்ராறியோவில் இருக்கும் ஒரே நஞ்சுப் பாம்பு மசசாகா என்ற கிலுகிலுப்பைப் பாம்பு. அது ஜோர்ஜியன் குடாப் பக்கத்திலும் வேறு ஓரிரு இடங்களிலும்தான் வாழ்கிறது. ரொறன்ரோ வளவில் நீங்கள் காணக்கூடியது முதுகில் மஞ்சள் கோடு ஓடும் கார்ட்டர் பாம்பு. அது மண்புழுவும் நத்தையும் தின்னும், மனிதருக்குத் தீங்கில்லை.

இலைக்கடியில் இருப்பவர்கள்

இந்தப் பகுதியை அவசரப்பட்டுத் தாண்டிப் போகாதீர்கள். இது மனதில் பதிந்தால் மற்ற வேலைகளை எப்படிச் செய்வது என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

குளிர்காலத்தில் பூச்சிகள் தெற்கே போய்விடும் என்று நினைப்போம். மொனார்க் வண்ணத்துப்பூச்சி போகிறது, உண்மை. பெரும்பாலானவை போவதில்லை. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு பருவத்தில், முட்டையாக, புழுவாக, கூட்டுப்புழுவாக, அல்லது முழுப் பூச்சியாக, இங்கேயே உறைந்து கிடக்கிறது. இலை அவற்றுக்குப் போர்வை. இலையின் மேல் பனி விழுந்தால் போர்வை இரட்டிப்பாகிறது. வெளியே கழித்தல் 20 பாகை குளிர் வந்தாலும் அந்தப் போர்வைக்கடியில் மண்ணின் மேற்பரப்பு அந்த அளவுக்குக் குளிராது.

ஒக்டோபரில் நடைபாதையைக் கடந்து ஓடும் ஒரு மயிர்க்கொட்டியைக் கண்டிருப்பீர்கள். இரண்டு நுனியும் கறுப்பு, நடுவில் செம்மண் நிறம். ஆங்கிலத்தில் கம்பளிக் கரடி என்று செல்லமாகச் சொல்வார்கள். இது புழுவாகவே குளிரைக் கழிக்கிறது. உடலில் உறைவைத் தாங்கும் ஒரு பொருளைச் சுரந்துகொண்டு இலைக்குள் சுருண்டு உறைந்து, வசந்தத்தில் உருகி எழும்பி, கூடு கட்டி அந்துப்பூச்சியாகிறது. செம்மண் பட்டை அகலமாக இருந்தால் குளிர் குறைவு என்று இங்கே ஒரு பழைய நம்பிக்கை உண்டு. அதில் உண்மை இல்லை. பட்டையின் அகலம் புழுவின் வயதையும் அது வளர்ந்த விதத்தையும் பொறுத்தது.

பெரிய செம்மஞ்சள் சிறகில் வெள்ளிப் பொட்டுகள் வைத்த பிரிட்டிலரி வண்ணத்துப்பூச்சியின் கதை இன்னும் வியப்பானது. கோடை முடிவில் வயலட் செடிகளுக்குப் பக்கத்தில் முட்டை இடும். பொரித்து வரும் புழு, கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னது, ஒரு கடி கூடத் தின்னாமல் சருகுக்குள் நுழைந்துவிடும். ஐந்தாறு மாதம் கழித்து வயலட் துளிர்க்கும்போதுதான் முதல் சாப்பாடு. அந்தச் சருகை நவம்பரில் வாரிவிட்டால் புழுவும் போய்விட்டது.

மின்மினியும் அப்படித்தான். ஜூன் கடைசியில் பள்ளத்தாக்கு ஓரங்களில் மின்மினி பறப்பதைக் கண்டு எங்கள் அம்மா சிறுபிள்ளை மாதிரிச் சிரித்தார். ஊரைவிட்டு வந்து எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு கண்டது அது. பறக்கும் மின்மினிக்குச் சில கிழமைதான் வாழ்வு. அதற்கு முன் ஒன்று இரண்டு வருடங்கள் அது புழுவாக, ஈர மண்ணிலும் உக்கும் இலையிலும் நத்தையையும் மண்புழுவையும் வேட்டையாடி வாழ்கிறது. வளவில் மின்மினி வேண்டும் என்றால் ஈரமாக உக்கும் இலை வேண்டும்.

பறவைகளுக்கும் இதில் பங்கு உண்டு. சாம்பல் முதுகும் வெள்ளை வயிறுமாக ஒக்டோபரில் வந்து சேரும் ஜுங்கோ குருவிகள் இலையைக் காலால் பின்னுக்குத் தள்ளித் தள்ளி விதை பொறுக்கும். ஏப்ரலில் ராபின் இலையைப் புரட்டிப் புரட்டிப் புழு எடுக்கும். மே, ஜூன் மாதங்களில் சிக்கடி என்ற சின்னஞ்சிறு குருவி ஒரு கூட்டுக் குஞ்சுகளை வளர்க்க ஆயிரக்கணக்கான புழுக்களைக் கொண்டுவர வேண்டும். விதைப் பெட்டி தொங்கவிடுவது நல்லதுதான், ஆனால் குஞ்சுக்கு விதை ஊட்ட முடியாது.

முதலில், உங்கள் மரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

செப்டெம்பரில், இலை பச்சையாக இருக்கும்போதே இதைச் செய்யுங்கள். கறிவேப்பிலைச் சட்டியை வீட்டுக்குள் எடுக்கும் நாளில் மரத்தையும் ஒருதரம் நிமிர்ந்து பார்த்தால் சரி.

ரொறன்ரோ வீதிகளில் அதிகம் நிற்பவற்றில் ஒன்று நோர்வே மேப்பிள். ஐரோப்பிய மரம். எல்ம் மரங்கள் நோயில் அழிந்தபோது அவற்றின் இடத்தில் நட்டார்கள். இலைக்காம்பை ஒடித்தால் பால் வரும், இந்த நாட்டுக்கே உரிய மேப்பிள்களில் வராது. இலை தடிப்பு, அகலம். நனைந்தால் ஒன்றோடொன்று ஒட்டிப் பாய் மாதிரிப் படிந்துவிடும். மற்ற மரங்கள் உதிர்த்து முடிந்த பிறகும் இது நவம்பர் வரை இழுத்தடிக்கும். அதன் இலையில் தார் தெளித்ததுபோலக் கறுப்புப் பொட்டுகள் இருக்கும். பார்க்கப் பயமாக இருந்தாலும் அந்தப் பூஞ்சை மரத்தைக் கொல்லாது, மரக்கறிகளுக்கும் தொற்றாது. நான் அந்த இலையையும் பயன்படுத்துகிறேன்.

வெள்ளி மேப்பிள் இலை மெல்லியது, ஆழமாக வெட்டுப்பட்டது, அடிப்பக்கம் வெளிறி இருக்கும். விரைவாக உக்கும். இது உங்கள் வளவில் நின்றால் வேலை பாதி முடிந்தது. ஓக் இலை தடித்தது, மெதுவாக உக்கும். சில ஓக் மரங்கள் காய்ந்த இலையை வசந்தம் வரை உதிர்க்காமல் வைத்திருக்கும், மரம் செத்துவிட்டதோ என்று பதற வேண்டாம். ஓக் இலை மண்ணில் அமிலத்தைக் கூட்டும் என்று சொல்வார்கள். உக்கி முடிந்த பிறகு அப்படி ஒன்றும் பெரிதாக மாறுவதில்லை.

கவனமாக இருக்க வேண்டியது கறுப்பு வால்நட். டென்னிஸ் பந்து மாதிரிப் பச்சைக் காய் விழும், அதை வைத்து அடையாளம் காணலாம். அதன் வேர், காய்த்தோல், இலை எல்லாவற்றிலும் ஜுக்லோன் என்ற பொருள் இருக்கிறது. தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றும் அதற்கு வாடும். இந்த இலையைக் காய்கறிப் பாத்திக்குப் போடாதீர்கள். வேலியோரப் புதருக்கடியில் தனியாகக் குவித்து உக்கவிடுங்கள்.

அப்பிள், கிராப்அப்பிள் மரத்தடியில் இலை பொரிபொரியாக, கரும்பச்சைப் புள்ளிகளோடு விழுந்தால் அது ஸ்காப் நோய். விழுந்த இலையிலிருந்துதான் அடுத்த வசந்தத்தில் மரத்துக்குத் திரும்ப ஏறும். ரோசாவின் கரும்புள்ளி நோயும் அதேபோல. எங்கள் வீட்டிலிருந்து வெளியே போகும் இரண்டு பையும் இவைதான். நகரசபையின் கூட்டெருக் குவியலில் வரும் வெப்பம் அந்தப் பூஞ்சையை அழித்துவிடும், எங்கள் சின்னக் குவியலில் அந்த வெப்பம் வராது.

எங்கே இருக்கக்கூடாது

இதில் விட்டுக்கொடுப்பே இல்லை. படி, வாசல் நடை, வீதியோர நடைபாதை மூன்றிலும் இலை இருக்கக்கூடாது. நனைந்த மேப்பிள் இலை எண்ணெய் ஊற்றின மாதிரி வழுக்கும். அதன் மேல் முதல் பனி விழுந்தால் இன்னும் மோசம். தபால்காரரும் வயதானவர்களும் நடக்கும் இடம் அது.

வீதியின் தண்ணீர் வடிகால் வாய் உங்கள் வீட்டு முன்னால் இருந்தால் அதை மழைக்கு முன்னும் பின்னும் பாருங்கள். அடைத்தால் வீதியில் குளம் கட்டும். இலையை வீதிக்குத் தள்ளிவிடுவதும் கூடாது. கூரைப் பீலியை நவம்பர் கடைசியில், எல்லா இலையும் விழுந்த பிறகு ஒருதரம் துப்பரவாக்குங்கள். பீலி அடைத்துத் தண்ணி உறைந்தால் கூரை ஓரம் கெடும்.

புற்றரையில் தடித்த படையாக இலை கிடந்தால் புல் மூச்சுமுட்டி அழுகும். ஐதாக, புல் இடையிடையே தெரியும் அளவுக்குக் கிடந்தால் விட்டுவிடலாம். புல்வெட்டும் இயந்திரத்தால் அரைத்து அப்படியே விடுங்கள் என்று பலர் சொல்வார்கள். புல்லுக்கு அது நல்ல உரம். ஆனால் இலையோடு ஒட்டியிருக்கும் கூட்டுப்புழுவும் சேர்ந்து அரைபடும். நான் செய்வது: முதலில் பெரும்பகுதியை வாரிப் பாத்திகளுக்கு மாற்றிவிட்டு, மிஞ்சிக் கிடக்கும் கொஞ்சத்தை மட்டும் அரைப்பேன்.

இன்னொரு இடமும் உண்டு: பள்ளத்தாக்கு. வீட்டுக்குப் பின்னால் நகரின் காட்டுப் பள்ளத்தாக்கு இருந்தால் வேலிக்கு மேலால் கொட்டிவிடலாம், இலைதானே என்று தோன்றும். தயவுசெய்து செய்யாதீர்கள். சட்டப்படியும் கூடாது. தோட்டத்து இலையோடு தோட்டத்து விதையும் வேர்த்துண்டும் போகும். வீட்டுப் பூஞ்செடி ஒன்று காட்டுக்குள் பரவிக் காட்டுப்பூக்களை மூடிப்போடுவதற்கு அப்படியான ஒரு பை போதும். எரிக்கவும் கூடாது. வளவில் சருகு கொளுத்துவது ரொறன்ரோவில் தடைசெய்யப்பட்டது.

இடம் மாற்றும் விதம்

தேவையானது ஒரு ரேக், ஒரு படங்கு. படங்கு இல்லையென்றால் பழைய படுக்கை விரிப்பு. ஊதும் இயந்திரம் வேண்டாம். அது இலையோடு சேர்த்துப் பூச்சியையும் முட்டையையும் சுழற்றியடிக்கும், சத்தம் வேறு. படங்கைப் புல்லில் விரித்து, அதன் மேல் இலையை வாரி, நாலு மூலையையும் பிடித்து இழுத்துக்கொண்டு போனால் முதுகு தப்பும். எங்கள் வீட்டில் மகள் ஒரு மூலை, நான் ஒரு மூலை.

காய்ந்த இலையை வாருவது இலகு, நனைந்தது பாரம். ஆகவே மழைக்கு முந்தின நாள் வாரி, பாத்தியில் போட்டு, மழையை அதன் மேல் விழவிடுங்கள். நனைந்து படிந்த இலையைக் காற்று தூக்காது. மழை வராவிட்டால் குழாய்த் தண்ணி தெளித்து, மேலே நாலு சுள்ளி போட்டுவிடலாம்.

எவ்வளவு தடிப்பு என்பதுதான் புதியவர்கள் தடுமாறும் இடம். பூஞ்செடிப் பாத்தியில் 5 முதல் 8 சென்ரிமீற்றர் போதும். அதற்கு மேல் போனால், அதிலும் நோர்வே மேப்பிள் இலையாக இருந்தால், செடியின் அடிப்பகுதி அழுகலாம். மரத்தடியிலும் புதருக்கடியிலும் 10 முதல் 15 சென்ரிமீற்றர் வரை ஐதாகப் போடலாம். இலையைக் காலால் மிதித்து அழுத்தாதீர்கள், இடையில் காற்று இருந்தால்தான் போர்வை. மரத்தின் அடித்தண்டைத் தொடாமல் ஒரு சாண் விட்டுப் போடுங்கள். தண்டோடு இலை குவிந்தால் பனிக்கடியில் எலிகள் வந்து இளமரத்தின் பட்டையைச் சுற்றிக் கடித்துவிடும். பட்டை சுற்றிவரப் போனால் மரம் பிழைக்காது.

செடிகளின் காய்ந்த தண்டையும் அடியோடு வெட்டாமல் விட்டுவிடுங்கள். உள்ளே பொள்ளலான தண்டுகளில் சின்னத் தேனீக்கள் தங்கும், அதோடு அந்தத் தண்டுகள் இலையைக் காற்று அள்ளாமல் பிடித்தும் வைக்கும்.

வெயில் படும் ஒரு மூலையில் மேசை அளவு நிலத்தை மட்டும் வெறும் மண்ணாக விட வேண்டும். இங்குள்ள காட்டுத் தேனீக்களில் பெரும்பங்கு மண்ணில் குழி தோண்டி வாழ்பவை. ரொறன்ரோ நகரம் தன் அடையாளத் தேனீயாகத் தெரிந்தெடுத்திருக்கும், மரகதப் பச்சைத் தலையும் கோடு போட்ட வயிறும் கொண்ட சின்னத் தேனீயும் மண்ணுக்குள் கூடு வைப்பதுதான். எல்லா இடத்தையும் இலையால் மூடினால் அது எங்கே போகும்?

உள்ளிப் பாத்தியும் ஒரு பை இருப்பும்

காய்கறிப் பாத்தி வைத்திருப்பவர்களுக்கு இலை தங்கம். ஒக்டோபர் கடைசியில் உள்ளி நட்டுவிட்டு மேலே 10 சென்ரிமீற்றர் இலை மூடினால் பனிக்காலத்தில் மண் உறைந்து உருகி உறைந்து உள்ளியை மேலே தள்ளாது. வெறுமையாகிப்போன தக்காளி, கத்தரிப் பாத்திகளையும் அப்படியே மூடிவிடுங்கள். வீதியில் கிடந்து எண்ணெய் பட்ட இலையைச் சாப்பாட்டுப் பாத்திக்கு எடுக்காதீர்கள், உங்கள் வளவில் விழுந்ததே தாராளமாக இருக்கும்.

கூட்டெருப் பெட்டி இருந்தால் நாலைந்து பை காய்ந்த இலையை மழை படாமல் கட்டி வையுங்கள். கோடையில் மரக்கறித் தோலும் புல்லும் மட்டும் போட்டால் பெட்டி நாறும். ஒரு வாளி ஈரக் கழிவுக்கு இரண்டு மூன்று வாளி காய்ந்த இலை போட்டால் நாற்றமே வராது. ஜூலை மாதத்தில் காய்ந்த இலைக்கு எங்கே போவது என்று தேடுகிறவர்களை எனக்குத் தெரியும்.

இலைமண் கூடு

மிஞ்சும் இலைக்கு இதுதான் சிறந்த வழி. ஒரு மீற்றர் உயரமான கோழிக்கூட்டுக் கம்பிவலையை ஏறத்தாழ மூன்று மீற்றர் நீளத்துக்கு வெட்டி, வட்டமாக வளைத்து, முனையைக் கட்டி, நிழலான மூலையில் நிறுத்துங்கள். இலையை அதற்குள் போட்டு நனையுங்கள். நிறைந்துவிட்டது என்று நினைத்தாலும் பதிந்து இறங்கும், மேலும் போடலாம்.

இது கூட்டெரு மாதிரிச் சூடாகாது. இலையை உக்க வைப்பது பெரும்பாலும் பூஞ்சை. அது பொறுமையான தொழிலாளி. கனடாக் குளிரில் நாலைந்து மாதம் வேலை நிறுத்தம் வேறு. ஒன்று முதல் இரண்டு வருடம் ஆகும். கோடையில் காய்ந்துபோனால் ஒரு வாளி தண்ணி ஊற்றுவதைத் தவிர வேறு வேலை இல்லை. இரண்டாம் வருடம் கையை விட்டு அள்ளினால் கறுப்பாக, பொலபொலவென்று, மழைக்காட்டு மணத்தோடு வரும். பசளைச் சத்து அதில் குறைவு. ஆனால் தண்ணியைப் பஞ்சு மாதிரிப் பிடித்து வைக்கும். ஸ்காபரோவின் களிமண்ணைக் கோடையில் தோண்டிப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

மற்றவர் வீட்டு இலைமண்ணை வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. ஒன்ராறியோவில் ஆசியாவிலிருந்து வந்த துள்ளும் மண்புழு பரவுகிறது. தொட்டால் பாம்பு மாதிரித் துடிக்கும், மேல்மண்ணைக் கோப்பித்தூள் போல உதிரி உதிரியாக ஆக்கிவிடும். அதன் முட்டைக்கூடு குளிரைத் தாங்கும், மண்ணோடு இடம் மாறும். உங்கள் இலையை உங்கள் வளவிலேயே வைத்துக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

உண்ணி, அயலவர்

கருங்கால் உண்ணி லைம் நோயைப் பரப்பும். ரொறன்ரோவின் கிழக்கே, ரூஜ் பள்ளத்தாக்குப் பகுதியில் அது நிலைகொண்டிருக்கிறது. இலைச்சருகும் காட்டோரமும் அதற்குப் பிடித்த இடம். இதை மறைத்து இலையைப் புகழ்வது நேர்மையல்ல. காட்டோரம் வீடு உள்ளவர்கள், பிள்ளைகள் விளையாடும் இடத்துக்கும் ஊஞ்சலுக்கும் பக்கத்தில் இலையைக் குவிக்காதீர்கள். காட்டுக்கும் புற்றரைக்கும் இடையில் ஒரு மீற்றர் அகலத்துக்கு மரச்சீவல் போட்டுவிடுங்கள். இலை வேலை செய்யும்போது நீளக்காற்சட்டையை மேசுக்குள் விட்டு, வெளிர் நிற உடுப்புப் போடுங்கள். உள்ளே வந்ததும் உடம்பைப் பாருங்கள்: முழங்கால் மடிப்பு, அக்குள், தலைமயிர். கடித்திருந்தால் கூர்நுனிச் சாவணத்தால் தோலோடு ஒட்டப் பிடித்து நேராக இழுங்கள். 24 மணித்தியாலத்துக்குள் எடுத்துவிட்டால் நோய் தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவு. சந்தேகம் இருந்தால் மருத்துவரிடமோ மருந்துக்கடை மருந்தாளரிடமோ காட்டுங்கள்.

அயலவர் முகம் சுளிப்பார்களோ என்ற கவலை எனக்கும் இருந்தது. விளிம்புதான் விடை. பாத்தியின் ஓரத்தில் ஒரு வரிசை கல்லோ மரக்கட்டையோ வைத்து, நடைபாதையோரம் ஒரு முழத்துக்குத் துப்பரவாகக் கூட்டி வைத்தால், உள்ளே கிடக்கும் இலை கவனிப்பாரற்றுக் கிடப்பதுபோலத் தெரியாது. அம்மா ஒவ்வொரு காலையும் அந்த விளிம்பைத் தும்புத்தடியால் கூட்டுவார். பக்கத்து வீட்டு இத்தாலிய மூதாட்டி ஒருநாள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து ஏன் இலையை வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். அம்மாவுக்கு ஆங்கிலம் குறைவு. உக்கிய இலைமண்ணைக் கைநிறைய அள்ளிக் காட்டினார். அந்த வருடம் அவர் தன் அத்திமரத்தைக் குளிருக்கு மூட எங்களிடம் நாலு பை இலை வாங்கிப் போனார்.

வெளியே அனுப்பத்தான் வேண்டும் என்றால் காகிதப் பையில் அனுப்புங்கள், பிளாஸ்ரிக் பையை எடுக்கமாட்டார்கள். உங்கள் வீதிக்கு எந்த நாள் என்பது நகரசபை நாட்காட்டியில் இருக்கும், நகரசபையின் 311 தொலைபேசி இலக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். டிசெம்பர் நடுப்பகுதிக்குப் பிறகு வசந்தம் வரை தோட்டக் கழிவு எடுப்பது நின்றுவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

வசந்தத்தில் பொறுமை

மார்ச் கடைசியில் ஒருநாள் வெயில் எறிக்கும், 14 பாகை காட்டும், எல்லோரும் ரேக்கோடு இறங்குவார்கள். நீங்கள் இறங்காதீர்கள். இலைக்கடியில் இருப்பவை இன்னும் எழும்பவில்லை, எழும்பியவற்றுக்கும் பூ இல்லை. பகல் வெப்பம் தொடர்ந்து ஒரு கிழமையாவது 10 பாகைக்கு மேல் நிற்கும் வரை பொறுங்கள். ரொறன்ரோவில் அது ஏப்ரல் கடைசி, மே தொடக்கம் ஆகும். சில தேனீக்கள் அதற்கும் பிந்தித்தான் வரும், ஆகவே எவ்வளவு பிந்துகிறீர்களோ அவ்வளவு நல்லது.

அதற்கு முன்னால் குரோக்கஸோ டியூலிப்போ இலையைத் துளைத்துக்கொண்டு வர முடியாமல் தவித்தால் அந்த இடத்தை மட்டும் கையால் விலக்கிவிடுங்கள். ரேக் வேண்டாம், விரல் போதும். விலக்கிய இலையைப் பக்கத்திலேயே வையுங்கள், இரவு உறைபனி வந்தால் திரும்ப மூடலாம்.

மே மாதத்தில் வரும் விக்டோரியா தின நீண்ட வாரஇறுதி முடிந்ததும் தக்காளி, கத்தரி, மிளகாய்க் கன்றுகளை வெளியே நடுவோம். அந்த நேரத்தில் பாத்தியின் மேல் கிடக்கும் இலை பாதி உக்கி, கறுத்து, மெலிந்திருக்கும். முழுவதையும் அள்ளத் தேவையில்லை. கன்று வைக்கும் இடத்தில் மட்டும் விலக்கி, குழி தோண்டி, ஒரு பிடி பழைய இலைமண்ணைக் குழிக்குள் போட்டு, கன்றை வைத்து, விலக்கிய இலையைத் தண்டைத் தொடாமல் சுற்றிவர விட்டுவிடுங்கள். களை குறையும், ஓகஸ்ட் வெயிலில் தண்ணி ஊற்றும் நாட்களும் குறையும். கம்பிவலைக் கூட்டில் இடம் காலியாகும். ஒக்டோபரில் அது வேண்டும்.